ஆறு மணிக்கு மேல் தமிழ் கிடையாது

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடம் உலகத் தரத்துக்கு உயர்வது என்று முடிவெடுத்துவிட்டால், முதலில் அதன் பெயர்ப் பலகைதான் உயரும். ஸ்ரீ அங்காளம்மன் நர்சரி பிரைமரி என்று இருந்த பலகையை ஒரு மே மாதத்தில் இறக்கிவிட்டு, அதைவிட இரண்டு ஆள் உயரத்தில் ‘லா செஞ்சி குளோபல் பள்ளி’ என்று ஏற்றினார் தாளாளர் பாண்டுரங்கன். பலகைக்குக் கீழே இருந்த கட்டடம், கழிப்பறைக்குக் கதவு இல்லாதது உட்பட, அப்படியேதான் இருந்தது. பாண்டுரங்கன் அதற்கு முன்பு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருந்தவர். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட அடிக்குக் காசு வாங்கிப் பழகியவர். கல்வியிலும் அதே முறைதான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் படித்தன.

அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அங்கவையின் தகப்பன் பெயர் நெடுமாறன். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தமிழ் தமிழ் என்று உயிரை விட்ட அவனுடைய அப்பா, மகனுக்கும் பேத்திக்கும் இந்தப் பெயர்களை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் கொடுத்து வைத்தவர். பிறகு நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை.

விடிவதற்கு முன் முதல் நடைக்குப் போகும் நெடுமாறன், மாற்று ஆளிடம் பையைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். எட்டு மணிக்கு அங்கவை தூங்கிப்போவாள். நடுவில் இருந்த அந்த நேரம்தான் அவனுக்கு வாய்த்த குடும்பம். பகல் முழுக்க ‘உள்ள போ, படியில நிக்காத, சில்லறை குடு’ என்று கத்திய வாய்க்கு, அப்போதுதான் பேச்சு என்ற ஒன்று வரும்.

“நைனா, இன்னைக்கு இன்னா கூட்டம்?” என்று ஆரம்பிப்பாள் அங்கவை.

அவன் சொல்வான். சேவலை மடியில் மறைத்துக்கொண்டு ஏறிய ஆள், டிக்கெட் எடுக்கும் நேரம் பார்த்து சேவல் கூவிவிட்டது. பெண் பார்க்கப் போன ஒரு கும்பல், தப்பான ஊரில் இறங்கி, அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் பங்குக்கு வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், யார் சாக்பீஸ் தின்றார்கள் என்று ஒப்பிப்பாள். சோறு ஆறிப்போகிறது என்று அவன் மனைவி ஜெயக்கொடி கத்தும்வரை இது நடக்கும். ஊரில் எத்தனையோ பேருக்கு நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது. நெடுமாறனுக்கு இருந்தது இதுதான். இது போதும் என்றுதான் அவனும் இருந்தான்.

ஜூன் மாதம் பெற்றோர் கூட்டம். பாண்டுரங்கன் மைக்கைப் பிடித்தார்.

“அன்பான பெற்றோர்களே! அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில நம்ம கோட்டையைப் புடிச்சிட்டான். ஏன் புடிச்சான்? நமக்கு பிரெஞ்சு தெரியல! தெரிஞ்சிருந்தா, ‘சார், இன்னைக்கு சௌகரியப்படாது, நாளைக்கு வாங்க’ன்னு மேல இருந்தே சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தத் தப்பு இனிமே நடக்காது. நம்ம ஸ்கூல்ல இந்த வருஷத்துலேருந்து பிரெஞ்சு!”

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து தொடர்ந்தார்.

“வாத்தியார் எங்கன்னு கேப்பீங்க. வாத்தியார் எதுக்கு? வாத்தியாருக்குச் சம்பளம் வேணும், லீவு வேணும், மாமியார் செத்தா போவணும். கார்ட்டூனுக்கு மாமியார் கெடையாது. நான் பாண்டிச்சேரி பீச்ல ஒரு வெள்ளைக்காரக் கொழந்தையைப் பாத்தேன். மூனு வயசுதான் இருக்கும். இன்னா பிரெஞ்சு பேசுது! எந்த ஸ்கூல்னு அவங்க நைனாகிட்ட கேட்டேன். ஸ்கூலே போவலையாம். வீட்ல கார்ட்டூன் பாக்குதாம், அவ்ளோதான். அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஸ்கூலுக்குப் போவாமயே வர்ற படிப்பை நம்ம ஸ்கூல்ல குடுக்கணும்!”

அந்த வெள்ளைக்காரரிடம் தாளாளர் எந்த மொழியில் கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்பது அவ்வளவு நாகரிகமல்ல.

அடுத்துப் பேசியவர் ரோஸ்மேரி மிஸ். திண்டிவனத்திலிருந்து வருபவர், தாவரவியல் படித்தவர். பள்ளியின் மொழிச் சூழல் ஒருங்கிணைப்பாளர் என்று அன்று காலையில்தான் அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்தார். பிள்ளையின் காதுக்குள் ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் போகும். தமிழ் உள்ளே போனால் பிரெஞ்சு வெளியே வந்துவிடும். ஆகவே தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் பள்ளி கொடுக்கும் கார்ட்டூன் ஓட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் தமிழ் கூடாது. பெற்றோர் பிரெஞ்சில் தாராளமாகப் பேசலாம்.

“பிரெஞ்சு தெரியாதவங்க இன்னா பண்றது மிஸ்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டே விட்டார்.

“பேசாம இருக்கலாம் சார். அது உங்க சாய்ஸ்.”

நெடுமாறன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆறிலிருந்து எட்டு. ஊரில் வேறு நேரமே இல்லையா? ஆனால் ஜெயக்கொடி அவன் தொடையைக் கிள்ளினாள். “எல்லாப் புள்ளைங்களும் கத்துக்கினு, நம்முளுது மட்டும் திருதிருன்னு முழிச்சினு நிக்கணுமா? ரெண்டு மணி நேரம் வாயை மூடினா செத்தா பூடுவ?” என்றாள். தன்னைப்போல் தொண்டை கிழியக் கத்திப் பிழைக்கும் பிழைப்பு மகளுக்கு வேண்டாம் என்று அவனும் நினைத்தான். கையெழுத்துப் போட்டான்.

கார்ட்டூனில் ஓர் ஊதா நிற ஆடும் ஒரு நத்தையும் வந்தன. ஆடு எதையாவது தின்னும், நத்தை அதைத் திட்டும், இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இதைத் தவிர அதில் நடப்பது என்ன என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. முதல் நாள் மாலை அங்கவை ஐந்து நிமிடம் ஆட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “நைனா, இன்னைக்கு இன்னா கூட்டம்?” என்றாள்.

“வல்லத்து ஆளு ஒருத்தரு, கண்ணு…” என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடித்தும் பயனில்லை. வீட்டில் மொழிச் சூழல் நிலவுவதற்கு ஆதாரமாக, அந்த நேரம் முழுக்க டிவி மேல் செல்போனை வைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று விதி. பள்ளியின் அத்தனை வீட்டு ஒலிப்பதிவையும் ரோஸ்மேரி மிஸ் தனியாக உட்கார்ந்து கேட்டார். எல்லா வீட்டிலும் அதே ஆடு, அதே நத்தை. மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் நெடுமாறன் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு நட்சத்திரமும், ‘வல்லத்து ஆள் ஒருவரைத் தவிர்த்திருக்கலாம்’ என்ற குறிப்பும் வந்தன. அங்கவை அன்று வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். அதற்குத் தமிழ் பெஞ்ச் என்று பெயர். மூக்கு ஒழுக ஒழுக அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அழுகைக்குக் காரணம் சொல்வதற்குள் மணி ஆறாகிவிட்டது.

பாழாய்ப்போன அந்த நேரத்தை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள நெடுமாறன் ஒரு வழி கண்டுபிடித்தான். பஸ்ஸில் ஊதும் விசிலை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு விசில் என்றால் ‘கிட்ட வா’. இரண்டு என்றால் ‘போய்ச் சாப்பிடு’. நீட்டி ஊதினால் ‘இன்னைக்குக் கூட்டம் அதிகம்’. விட்டு விட்டு ஊதினால் ‘செக்கிங் வந்துட்டான்’. அங்கவை விசிலை வாங்கித் தானும் ஊதுவாள். ஒரு வாரம் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

விசில் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்ததும் பள்ளி ஆய்வுக் குழுவை அனுப்பியது. குழு என்றால் தாளாளரின் மச்சானும் ரோஸ்மேரி மிஸ்ஸும். மச்சான் விசிலைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒருமுறை ஊதியும் பார்த்தார்.

“இது எந்த மொழி?”

“விசில் சார். மொழி எல்லாம் இல்ல.”

“அனந்தபுரம் பஸ்ஸுல ஊதறதுதானே? அப்போ தமிழ்தான். பிரான்ஸ்ல கண்டக்டரே கெடையாது, தெரியுமா?” என்று விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு வேறு விசில் வாங்கினான் நெடுமாறன். வீட்டுக்கு அதைக் கொண்டுவரவில்லை.

ஆவணி மாதத்தில் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் புருஷன் கன்னியப்பன், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது பாம்பு கடித்து இறந்துபோனார். பிணத்தைக் கொண்டுவந்து போட்டபோது மாலை ஐந்தே முக்கால். அந்தத் தெருவில் மட்டும் பள்ளியின் பிள்ளைகள் நாலு பேர். ரோஸ்மேரி மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு மாலையும் ஒரு சுற்றறிக்கையும் இருந்தன. முறைப்படி மாலையை முதலில் போட்டார்.

“மேடம், ரொம்ப வருத்தமா இருக்குது. பறை மேளம் அடிக்கட்டும், ஸ்கூலுக்கு ஆட்சேபணை இல்ல. மேளத்துக்கு மொழி கெடையாது. ஆனா ஒப்பாரி மட்டும் எட்டு மணிக்கு மேல வெச்சிக்க முடியுமான்னு தாளாளர் கேக்கச் சொன்னாரு.”

செல்லம்மாள் மாரில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “இன்னாம்மா சொல்ற? எம் புருஷன் செத்ததுக்கு நான் டைம் பாத்து அழுவணுமா?”

“அழலாம் மேடம். வாயை மூடிக்கினு ‘ம்ம்’னு அழலாம். அதுல வார்த்தை இருக்காது.”

செல்லம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் வாழ்நாளில் கற்றிருந்த தமிழ் அத்தனையையும், கன்னியப்பனுக்குக் கொஞ்சமும் பள்ளிக்கு மிச்சமுமாக, ஒரே மூச்சில் எடுத்துவிட்டாள். அது நாலு வீட்டு ஒலிப்பதிவிலும் தெளிவாக விழுந்தது. நாலு பிள்ளைகளுக்கும் சிவப்பு நட்சத்திரம் கிடைத்தது. ரோஸ்மேரி மிஸ் ஸ்கூட்டியைத் திருப்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நெடுமாறன் பார்த்தான். அவர் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் தன் வீட்டில் யாரோடு பேசுகிறாரோ, எப்போது பேசுகிறாரோ, யார் கண்டது?

தீபாவளிக்குப் பிறகு, மொழிச் சூழல் நல்ல பலன் தருவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் விதி நீட்டிக்கப்பட்டது. எந்தப் பலன் என்று சுற்றறிக்கையில் இல்லை. பிள்ளைகள் தூக்கத்தில் தமிழில் உளறினால் பெற்றோர் எழுப்பிவிட வேண்டும் என்று மட்டும் கூடுதலாக இருந்தது. நெடுமாறனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டுவிட்டு, தாளாளர் அறைக்குப் போனான்.

“சார், டி.சி. குடுத்துடுங்க. புள்ளையை வேற ஸ்கூல்ல சேத்துக்கறேன்.”

பாண்டுரங்கன் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். டீ சொன்னார்.

“எதுக்குப்பா?”

“நான் பேசலன்னா அது எப்படி சார் பேசக் கத்துக்கும்?”

“நத்தை பேசுதுல்ல?”

நெடுமாறன் யோசித்துப் பார்த்தான். நத்தை பேசத்தான் செய்தது.

“நெடுமாறா, நான் போர் போட்ட ஆளு. நூறு அடி போனதும் தண்ணி வரலன்னு நிறுத்தச் சொல்லுவான் கொல்லைக்காரன். அங்க நிறுத்தினா இன்னா ஆவும்? போட்டதும் வேஸ்ட்டு, தண்ணியும் இல்ல. இன்னும் நூறு அடி போட்டாத்தான் போட்ட காசுக்கு மரியாதை. உன் பொண்ணு இப்போ நூறு அடியில இருக்குது. தமிழ் பாதி போயிடுச்சி, பிரெஞ்சு பாதி வந்துட்டுது. இப்போ வெளியே எடுத்தா, எந்தப் பாஷையும் இல்லாத புள்ளையா நிக்கும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?”

டீ வந்தது. நெடுமாறன் குடித்தான். தன் பிள்ளையை நூறு அடி ஆழத்தில் இறக்கியவர் இவர்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கயிறு அவர் கையில்தானே இருக்கிறது? டி.சி. வாங்காமலேயே திரும்பினான்.

அதற்குப் பிறகு அங்கவை ‘இன்னா கூட்டம்’ என்று கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் பெஞ்ச் மாறும் என்ற பயம் முதலில் இருந்தது. போகப் போக அந்தப் பயமும் தேவைப்படவில்லை, பழகிவிட்டது. ஆறு மணிக்கு அவன் வந்து உட்காருவான். அவள் ஆட்டைப் பார்த்து ஏதோ சொல்வாள், ஆடு ஏதோ சொல்லும், அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் அவனும் சிரிக்கப் பார்ப்பான். சில நாள் ஜெயக்கொடி அடுப்பங்கரையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். பெற்றவள், அவளுக்கு மட்டும் வலிக்காதா? ஒரு கார்ட்டூன் ஆட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் செஞ்சித் தாலுக்காவிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நெடுமாறன் நினைத்தான். அவன் நினைத்தது தப்பு. இருபது முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஆறு மணிக்கு மேல் யாரும் பேசாததால் ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

மார்ச் மாதம் பள்ளி ஆண்டு விழா. மாலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்பதால் பெற்றோர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். தாளாளர் உரைக்கு மட்டும் விலக்கு. சிறப்பு விருந்தினர் மதலைமுத்து. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றுப் பாண்டிச்சேரியில் இருப்பவர். அப்படிப்பட்டவர்களை அங்கே சொல்தா என்பார்கள். குத்துவிளக்கு ஏற்றுவதற்கும் படம் எடுத்துக்கொள்வதற்கும்தான் அவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு உண்மையிலேயே பிரெஞ்சு தெரியும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்று கார்ட்டூனின் முதல் பாட்டைப் பாடினார்கள். விளக்கு ஏற்றிவிட்டு இறங்க வேண்டிய மதலைமுத்து, பழக்கதோஷத்தில், முன்வரிசையில் நின்ற பிள்ளையிடம் குனிந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அந்தப் பிள்ளை அங்கவை.

அங்கவை பதில் சொன்னாள்.

ஒரு சொல் இரண்டு சொல் இல்லை. தயங்காமல், கையை ஆட்டி ஆட்டி, நிறையப் பேசினாள். மதலைமுத்து முகம் மலர்ந்து இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு அவர் நிமிர்ந்தார். கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல் பார்த்தார். அதற்குள் மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நெடுமாறனும் தட்டினான். பல மாதம் கழித்து மகள் வாய் நிறையப் பேசிக் கேட்கிறான், ஒரு சொல் புரியவில்லை. கண்ணீர் வந்தது. பெருமையால்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மேடைக்குப் பின்னால் போய் மதலைமுத்துவைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான். “ஐயா, நான் அந்தப் புள்ளையோட நைனா. அது இன்னா சொல்லிச்சி?”

அவர் சொல்ல விரும்பவில்லை. “நல்லா பேசுதுப்பா. அசலா பேசுது” என்று நகரப் பார்த்தார். அவன் விடவில்லை.

“வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டேன். ஆடும் நத்தையும்னு சொல்லுச்சு. அம்மா சமைப்பாங்கன்னு சொல்லுச்சு. சரி, அப்பா இல்லையான்னு கேட்டேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாயங்காலம் ஒருத்தர் வருவாராம். நல்லவராம். ஆனா பாவம், அவருக்குப் பேச வராதுன்னு சொல்லுச்சு.”

தொண்டை கட்டிப்போகுமளவுக்கு அன்று பகலெல்லாம் கத்திவிட்டு வந்திருந்த நெடுமாறன், அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். “இன்னா சொன்னாரு?” என்று ஜெயக்கொடி கண்ணாலேயே கேட்டாள். “நல்லா பேசுதாம்” என்று அவனும் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான்.

மேடையில் பாண்டுரங்கன் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“பாத்தீங்களா? தண்ணி வந்துட்டுது! தமிழ் வாடையே இல்லாத ஒரு தலைமுறையை உண்டாக்கிட்டோம். இத்தோட நிறுத்துவமா? ஜூன் மாசத்துலேருந்து கொரியன்! பிரெஞ்சு பழசாயிடுச்சி, இப்போ பக்கத்து ஸ்கூல்லயும் ஆரம்பிச்சிட்டான். ஒரு நேரத்துக்கு ஒரு மொழிதான் காதுக்குள்ள போவும்னு உங்களுக்குத் தெரியும். அதனால பிள்ளைங்க பிரெஞ்சை மறக்கறதுக்கு ஏப்ரல், மே ரெண்டு மாசம் லீவு. வீட்ல யாரும் பிரெஞ்சு பேசி அதுங்களுக்கு ஞாபகப்படுத்திடாதீங்க. அது உங்க பொறுப்பு.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா முடிய எட்டு மணி தாண்டிவிட்டது. சட்டப்படி இனித் தமிழ் பேசலாம். தெருவில் பெற்றோர்களும் பிள்ளைகளும் கும்பலாக நடந்து போனார்கள். யாரும் பேசக் காணோம், செருப்புச் சத்தம்தான் கேட்டது. ஜெயக்கொடி முன்னால் நடந்தாள். நெடுமாறன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு ஓரமாக வந்தான். சொல்ல ஆயிரம் இருந்தது. எதை எடுத்தாலும் எப்படித் தொடங்குவது என்று பிடிபடவில்லை. கடைசியில், “கண்ணு, நைனாகிட்ட எதுனா சொல்லேன்” என்றான்.

அங்கவை நின்று அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இந்த ஆளுக்குப் பேச வருகிறதே என்ற ஆச்சரியம் அவள் கண்ணில் இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். பிரெஞ்சில்தான் பேசினாள். கண்ணை அகல விரித்து, ஒரு கையை அவனிடம் கொடுத்துவிட்டு மறு கையால் காற்றில் வரைந்து வரைந்து, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையையும் கொட்டினாள். யார் யாரைக் கிள்ளினார்களோ, யார் சாக்பீஸ் தின்றார்களோ. நெடுமாறன் “உம்” என்றான். அவள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் “உம்… உம்…” என்று கொட்டிக்கொண்டே நடந்தான். காந்தி பஜாரைத் தாண்டும்போது அவனுக்குத் தாங்கவில்லை.

“நைனாவுக்குப் புரியலையே கண்ணு” என்றான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியூர்க்காரருக்கு வழி சொல்வதைப்போல, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, இன்னும் கொஞ்சம் சத்தமாக, பிரெஞ்சிலேயே முதலிலிருந்து ஆரம்பித்தாள்.